நிமிடத்துக்கு ஒரு வரி

இரத்தோட்டையில் ரேடியோ திருத்தும் நாகமுத்து, யுத்தம் நடந்த 2008இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பெட்டி ஒன்று செய்தான். கொழுந்து வாடும் மாடியின் சூட்டைச் சென்சர் அளக்கும். நிமிடத்துக்கு ஒரு வரியாக அது மெமரி கார்டில் பதியும். பதிந்ததும் சிவப்பு லைட் ஒருமுறை மின்னும்.

பலாபத்வலயில் இருந்த தொழிற்சாலைத் துரையிடம் கார்டை மட்டும் சட்டைப் பையில் கொண்டுபோயிருக்கலாம். ஓடுகிற பெட்டியையே காட்டவேண்டும் என்ற பெருமை அவனை விடவில்லை.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டி இருந்த பையைத் திறந்தபோது லைட் மின்னியது. காவலுக்கு நின்றவன் துவக்குப் பிடியால் நாகமுத்துவின் முகத்தில் இடித்தான். இரண்டு பற்கள் போயின. குண்டென்றால் இவனோடே வெடிக்கட்டும் என்று, சென்சர் வயராலேயே பெட்டியை அவன் வெற்று நெஞ்சில் இறுக்கிக் கட்டி, வெட்டவெளியில் முழங்காலில் நிறுத்திவிட்டு மண்மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். வீரர்களாம்! அவன் அசைந்தபோதெல்லாம் காலடியில் சுட்டார்கள்.

நான்கு மணி நேரம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவர் வந்து அது குண்டல்ல என்றார். பயந்த வெட்கத்தில் பெட்டியை மிதித்து நொறுக்கினார்கள்; அவன் விலா எலும்புகளையும் விட்டுவைக்கவில்லை. கார்டு மட்டும் தப்பியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதைக் கொடுத்தான். துரை கம்பியூட்டரில் பார்த்து முகம் சுளித்தார்.

"மாடியில இருபத்தி நாலுன்னு ஒழுங்காத்தானே வந்திருக்கு. கடைசி எரநூத்தி நாப்பது வரி மட்டும் முப்பத்தஞ்சு, முப்பத்தாறுன்னு நிக்குது. பிழையப்பா. அழிச்சிரவா?"

"அழிக்காதீங்க தொரை. அது மாடி இல்லீங்க. என் நெஞ்சு."