அத்தை கட்டிய ஒப்பாரி

எங்கள் ஊரில் ஒரு பெண் பத்துப் பேர் நடுவில் குரலை உயர்த்தலாம் என்றிருந்த இடம் சாவு வீடு ஒன்றுதான். பஞ்சாயத்தில் ஆம்பிளைகள் பேசுவார்கள். வீட்டிலும் அவர்களேதான். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்துப் பாடும்போது மட்டும் பெண்களை யாரும் தடுக்க மாட்டார்கள். செத்தவரைப் புகழ்கிற சாக்கில் மாமியார் சோறு போடாதது, புருஷன் அடித்தது, பிறந்த வீடு கைவிட்டது எல்லாம் பாட்டாக வெளியே வரும். காரியம் முடிந்ததும் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடக் கூடாது.

என் அத்தை, நைனாவின் கூடப்பிறந்த தங்கை, அப்படிப் பாட்டுக் கட்டுவதில் பேர் போனவள். உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவில் எந்த ஊரில் சாவு என்றாலும் அவளைக் கூப்பிட ஆள் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. போகிற வழியிலேயே செத்தவரின் குணம், அவர் வைத்த மரம், வளர்த்த மாடு என்று விசாரித்துக்கொள்வாள். வட்டத்தில் உட்கார்ந்தால் வரிகள் தானாக வரும். மற்றவர்கள் பாடியதை அவள் திருப்பிப் பாடி நான் கேட்டதில்லை.

இருபது வயது நிறைவதற்குள் தாலி அறுத்தவள் அவள். வாலாஜாபாத் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வயலில் பாம்பு கடித்துச் செத்தான். குழந்தை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, மாட்டுக்கொட்டகை, நாற்றங்கால், அடுப்பு என்று மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள்.

வீட்டில் எல்லாம் பெரியப்பா சொன்னபடிதான். நைனா தன் அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். பெரியப்பாவைக் கொடுமைக்காரர் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தப் பார்த்தபோது, "பொண்ணு நல்லா படிக்குது, படிக்கட்டும்" என்று சொன்னவர் அவர். உத்திரமேரூர்ச் சந்தையிலிருந்து எனக்கு ரிப்பன் வாங்கி வருவார்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, அத்தைக்குக் காமாலை என்று சொன்னார்கள். பின்கட்டில் நெல் கொட்டி வைக்கிற அறையில் அவளைப் படுக்கவைத்து, யாரும் பார்க்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அதே சமயம் எங்கள் பம்புசெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் காணாமல் போனான். காலனியில் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்கார வீட்டுப் பிள்ளை. மோட்டார் ரிப்பேரானால் அவனே பிரித்துப் பூட்டுவான். அவனை எங்கள் களத்தில் கட்டிவைத்து அடித்ததையும், அவன் குடும்பமே இருந்த கூரையை விட்டு மெட்ராஸ் பக்கம் போய்விட்டதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அத்தை பெரியப்பாவிடமே நேராகச் சொல்லியிருக்கிறாள்.

அது அறுவடை சமயம். என்னைக் களத்தில் கோழி விரட்ட உட்காரவைத்திருந்தார்கள். தாகம் எடுத்து, நல்ல வெயிலில் வீட்டுக்கு ஓடி வந்தேன். தெருக்கதவு சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோது நெல் அறையிலிருந்து சின்னதாக ஒரு அழுகை கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் நின்றுபோனது. பெரியப்பா வாசற்படியில் நின்றிருந்தார்.

"பூனை குட்டி போட்டுகீது. நீ களத்துக்குப் போ" என்றார்.

"தண்ணி வேணும்" என்றேன்.

அவரே உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

கொஞ்ச நாளில் அத்தை எழுந்து வேலைக்கு வந்துவிட்டாள். காமாலை தெளிந்துவிட்டது என்று ஊரும் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு ஆறேழு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தாள். தினமும் பெரியப்பாவுக்குச் சோறு போட்டாள். அவர் கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வேறு எங்கே போவாள்? சாவு வீடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் பாட்டில் அவள் வரவே மாட்டாள். மற்றவர்கள் கதையை மட்டும் பாடிவிட்டு வருவாள்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் பெரியப்பா கழனியில் மாரடைத்து விழுந்தார். நிறையக் கூட்டம். பறை அடித்தது. கூடத்தில் அவரைக் கிடத்தி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அத்தையின் தோளில் கை போட்டு என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவை ஒட்டி நான்.

அத்தை முதலில் முறைப்படிதான் பாடினாள். அவர் கட்டிய வீடு, வெட்டிய கிணறு. வெளியே ஆம்பிளைகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

பொன்னான அண்ணனே – நான்
பொறந்தவூட்டுச் சாமியே
பத்து மாசம் நான் சொமந்தேன்
பச்சமண்ணா பூட்டுதே
ஈரத்துணி போட்டு மூடி
எம்மகள அமுக்கனியே
அழுத கொரல கேட்டவங்கள
அது பூனயின்னு அனுப்பனியே

கேட்டவள் நான்தான். பம்புசெட்டுக்காரனைப் பற்றி ஒரு வார்த்தையும் அவள் பாடவில்லை. அவன் சொந்தக்காரர்கள் இன்னும் காலனியில் இருந்தார்கள். அவர்கள்மேல் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பாடியிருக்கிறாள்.

வட்டத்தில் ஒருத்தியும் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு அடி முடிவிலும் இழுக்கிற "அம்மா"வை எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். சில பேர் அழுதது பெரியப்பாவுக்காக இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பெரியப்பாவின் மூத்த மகன் உள்ளே வந்தான். அத்தையின் கொண்டையைப் பிடித்து வட்டத்திலிருந்து இழுத்தான். "பொணத்த வச்சிகினு இன்னா பாட்டு பாடற நீ?" என்று முதுகில் உதைத்தான். அவள் தரையில் கிடந்தபடி அடுத்த அடியையும் பாடினாள். வாயில் துணியை அடைத்த பிறகுதான் நின்றது. பறைக்காரர்களை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாதான் இரண்டு புடவையை மூட்டை கட்டிக் கொடுத்து, "வாலாஜாபாத்துல மில்லுல நெல்லு அவிக்க ஆள் எடுக்கறாங்களாம், போய்க் கேளு" என்றாள்.

அத்தை போன பிறகு அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன்.

"கொழந்த பொறக்கறப்ப நீ உள்ளதான் இருந்தியா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இருந்தேன்."

"உயிரோடதான் பொறந்துதா?"

"நல்லா கொழுகொழுன்னு பொறந்துது. நான் அவ காலப் புடிச்சினு இருந்தேன், எழுந்து வரக் கூடாதுன்னு." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா என்னையும் இவளாட்டம் அனுப்பியிருப்பாங்க. உன்னத் தூக்கினு எங்க போறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அது வெகு நாள் இருந்தது.

எனக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம் ஆயிற்று. கணவர் ஆபீசுக்குப் போன பகல் நேரங்களில் எழுத ஆரம்பித்தேன். எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் வேறு எதுவும் வரவில்லை. அத்தையின் கதைதான் வந்தது. ஊரை மாற்றினேன், உறவை மாற்றினேன். கடைசியில் அவள் மில் களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடப்பதாக முடித்து ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கதை வந்துவிட்டது. படத்தோடு போட்டிருந்தார்கள். படித்துக்கொண்டே போனால், கடைசிப் பத்தி என்னுடையது இல்லை. அந்தப் பெண் பாடி முடித்ததும் ஓடிப்போய்க் கிணற்றில் குதித்துவிடுகிறாள். ஊரே கண்ணீர் விடுகிறது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன். மில்லில் சாப்பாட்டு நேரம். அத்தை தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு, களத்து ஓரம் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிவு வந்ததும், "இன்னாத்துக்குடி என்ன கெணத்துல தள்ளன?" என்றாள்.

"நான் தள்ளல அத்த. நான் நீ மில்லுல வேல செய்யறதாதான் எழுதனேன். அவங்க மாத்திட்டாங்க."

அவள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "செத்துட்டா எல்லாருக்கும் சுளுவா பூடுது. அளுதுட்டுப் போயிடலாம். நான் இன்னும் இங்க கீறேனே, அதுக்கு இன்னா பண்ணுவாங்க?" இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "மறுபடி எழுது. சாவலன்னு எழுது" என்றாள்.

கதை ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பாவின் மகன்கள் காஞ்சிபுரம் வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, குடும்ப மானத்தை அச்சுப் போட்டுத் தெருவில் விட்டுவிட்டேன் என்று கத்தினார்கள். கணவர் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு, "எழுதணும்னா கோலம், சமையல்னு எழுது. இந்த மாதிரி வேண்டாம்" என்றார். அவர் அடிக்கிறவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் முதலில் அவர் கைக்குப் போனது. ஆனாலும் எழுதினேன். சாகாத முடிவோடு மறுபடி எழுதிய கதையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 'முடிவில் அழுத்தம் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அத்தை அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தாள். தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஐப்பசி மாதம் ஒரு காலையில் மில் குடிசையில் இறந்துகிடந்தாள். ஊருக்குச் சொல்லி அனுப்பினோம். ஆம்பிளைகள் யாரும் வரவில்லை. அம்மா வந்தாள். அதுவரை துணை இல்லாமல் பஸ் ஏறாதவள், கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு இறங்கி வந்திருந்தாள்.

மில் பெண்களே குளிப்பாட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைப் பாடினார்கள். எல்லோரும் பாடுகிற பழைய பாட்டுகள். அம்மா ஒன்றும் பாடவில்லை, வட்டத்தில் உட்கார்ந்து மாரில் மட்டும் அடித்துக்கொண்டாள். கூலிக்காரர்கள் தூக்கிப்போய்ப் பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. களம் முழுக்க அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி சத்தம் போட, பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு இறங்கினாள். நானும் இறங்கினேன். நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, அம்மாவை உத்திரமேரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.