சுவர் கேட்டு வந்தவர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுச் சுவர் நீளமானது. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் அதற்காகச் சண்டை போடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெயிண்டர் வந்து, "மனநோய்க்கு மருந்து உண்டு, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று எழுத அந்தச் சுவரைக் கேட்டார். தெருவில் வேறு யாரும் இடம் கொடுக்கவில்லையாம்.

என் மனைவி அப்போது மாதக்கணக்கில் வாசலுக்கே வந்ததில்லை. உள்ளே தானாகப் பேசிக்கொண்டிருப்பாள். மூட்டுவலி என்று தெருவில் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, பைத்தியம் இங்கதான் கீதுன்னு போர்டு மாட்டப் போறியா?"

கதவு திறந்தது. தலைகூட வாராமல் அவள் வந்து நின்றாள்.

"ஆமா, இந்த வூட்லதான் கீது. நான்தான்," என்றாள். பிறகு பெயிண்டரிடம், "நீ எழுது நைனா. எந்தக் கெழமை வரணும்னும் சேத்து எழுது."

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். "தெனம் பாக்கறாங்கம்மா," என்று சொல்லிவிட்டு பெயிண்டர் டப்பாவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவள் எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ, நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை இருவரும் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைக்கவில்லை.