நடிகை போட்ட நெட் கை

எங்கள் கடலோரக் குப்பத்தில் ஆடி மாதம் அம்மனுக்குப் பால்குடம் எடுக்கும்போது பெண்கள் எல்லோரும் ஒரே நிறப் புடவை கட்டி, ஒரே மாதிரி ஜாக்கெட் போடுவோம். ஒருத்தியின் கை மட்டும் நீளமாக இருந்தாலும் போச்சு, ஊரே ஏன் என்று கேட்கும். திருவொற்றியூரில் தையல் கடை வைத்திருக்கிற பாவத்துக்கு அத்தனை ஜாக்கெட்டும் என் தலையில்தான் விழும். அதில் என் அக்காவின் ஜாக்கெட் மட்டும் இருந்ததே இல்லை.

சின்ன வயதில் மீன் பொரித்த எண்ணெய் கொட்டி, அவளுடைய வலது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து சுருங்கிப்போனது. மீன் விற்கப் போகும்போது மாமாவின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொள்வாள். மீன்காரப் பெண்கள் பலரும் அப்படித்தான் போடுவார்கள் என்பதால் யார் கண்ணிலும் படாது. கல்யாணம் காதுகுத்துக்கு நான் முழுக்கை ஜாக்கெட் தைத்துத் தருவேன். அதைப் பார்த்து, "இன்னாக்கா, குளிர் ஜொரமா?" என்று சிரிப்பார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கத் தோன்றும். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பிள்ளை பிறந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்கும் போகிறான். வேண்டுதல் அப்படியே நின்றது. ஒவ்வோர் ஆடியிலும், "ஏலம் கீதுடி" என்று மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்பிவிடுவாள். "அம்மன் என் மேல கோவமா கீதோ" என்று என்னிடம் மட்டும் புலம்புவாள்.

அப்போதுதான் ஒரு நடிகை ஏதோ பட விழாவுக்கு முழுக்கை ஜாக்கெட்டில் வந்தார். அவ்வளவுதான்! போனை நீட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கடைக்கு வந்தாள். நான் வருஷக்கணக்காக அக்காவுக்குத் தைத்த அதே கை. குளிர் ஜுரம் என்று சிரித்தவளே முதல் ஆளாக அளவு கொடுத்தாள். அட கொடுமையே என்று டேப்பைக் கொஞ்சம் இறுக்கியே பிடித்தேன்.

இந்த ஆடிக்கு அந்தக் கைதான் என்று பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அக்காவிடம் ஓடினேன்.

"மெய்யாலுமாடி? அல்லாருமா?"

"அல்லாரும்தாங்கா. வேண்டிக்கினத முடிச்சுடு."

அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதுவரை கையின் நீளத்தை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை முழுக்க நெட் துணி. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

"நம்ம வலை கணக்கா கீது," என்றாள். போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீங்கோ போங்கோ. எனக்கு ஏலம் கீது."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஏலத்துக்கு மாமா போவட்டும். உள்ள லைனிங் வெச்சுத் தர்றேன், சும்மா கெட!" என்று கத்திவிட்டேன். தோல் நிறத்தில் லைனிங் தேடிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கிட்ட வந்து பார்த்தாலும் தெரியாது.

திருவிழா அன்று காலை அக்கா குளித்து, தலை நிறையப் பூவோடு வந்தாள். குடத்தைத் தலையில் ஏற்றி இரண்டு கையாலும் பிடித்தாள். வெயிலில் நெட்டுக்குள் தழும்பு முழுவதும் தெரிந்தது. பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினேன்.

"இன்னாக்கா இது, லைனிங் எங்க?"

"பிரிச்சுட்டேன். அல்லாரும் ஒரே மாதிரின்னுதானடி சொன்னாங்கோ? நான் மட்டும் இன்னாத்துக்கு வேற மாதிரி?"

சொல்லிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோவிலில் அந்த நடிகையின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன். பூசாரி ராசி, நட்சத்திரம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அக்காவுடையதைச் சொன்னேன்.