நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடிய பை

மேலப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அலி அஸ்கர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்கமாட்டார். சைக்கிளில் பாபநாசம், இல்லையென்றால் சாத்தான்குளம். பெருநாள் விடுமுறை நீண்டால் இராமேஸ்வரம். மாற்றுத்துணி, பஞ்சர் சாமான், மிக்சர் பொட்டலம் எல்லாம் சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பைக்குள் போய்விடும். 2014இல் ஷார்ஜா வேலையை விட்டு வந்தபோது வாங்கிய பை. அதன் வாழ்நாள் உத்தரவாதச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்.

போன வருடம் அந்தக் கம்பெனி, பத்து வருடம் தாண்டியும் உழைக்கும் பைகளுக்குப் பரிசு அறிவித்தது. அலி அஸ்கர் படம் எடுத்து அனுப்பினார். சோதித்துப் பார்க்கச் சென்னையிலிருந்து தேவேந்திரன் என்ற அதிகாரி வந்தார். பையை மேசையில் கிடத்தி, டாக்டர் வயிற்றை அமுக்குவதுபோல அமுக்கினார்.

"சார், இந்த அடித்துணி, பக்கத்துணி எதுவுமே எங்களோடது இல்லையே."

"வல்லநாட்டு இறக்கத்துல உருண்டேன்லா, அப்ப கிழிஞ்சுட்டு. பழைய பிளக்ஸ் பேனர வச்சுத் தச்சது."

தேவேந்திரன் உட்புறத்தைத் திருப்பினார். யாரோ ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஆறு தாய்மாமன்கள் கைகூப்பி வரவேற்றார்கள்.

"ஜிப்?"

"மவ ஸ்கூல் பையில உள்ளது."

"வார்?"

"ஆம்னி வேன் சீட் பெல்ட்டு. நல்லா இழுத்துப் பாருங்க."

கம்பெனிப் பெயராவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தார். அது வெளுத்துப்போனதால் அலி அஸ்கரின் மனைவி நஃபீஸத் அதை வெட்டியெடுத்துவிட்டு, வேறு துணியில் பச்சை நூலால் புதிதாகத் தைத்திருந்தார். ஓர் எழுத்து கூடுதல்.

"எங்ககிட்ட சொல்லியிருந்தா இலவசமா மாத்திக் குடுத்திருப்போமே!"

"சின்னக் கிழிசலுக்கெல்லாம் உங்களத் தொந்தரவு பண்ணுததான்னு விட்டுட்டேன்."

தேவேந்திரன் படிவத்தில் 'பை காணப்படவில்லை' என்று எழுதினார். அலி அஸ்கருக்கு முகம் தொங்கிப்போனது. நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் மிதித்திருக்கிறார்.

அடுப்படியிலிருந்து நஃபீஸத் குரல் கொடுத்தார்: "ஏங்க, கம்பெனிச் சாமான்தான் வேணும்னா இங்கன தொங்குதுல்லா."

ஒவ்வொரு தடவையும் கழித்துப்போட்ட துண்டுகளைச் சேர்த்து அவர் ஒரு பை தைத்து, அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தார். தேவேந்திரன் வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுச் சோதித்தார். துணி, வார், பல் போன ஜிப், வெளுத்த பெயர் எல்லாம் அசல். தலைமை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் போன் பேசினார்.

"இந்தப் பை எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்மா?"

"அடுப்படியிலேருந்து முற்றத்துக்கு. வெள்ளையடிக்கும்போது ரெண்டு தரம்."

முதல் பரிசு வெங்காயப் பைக்குத்தான் கிடைத்தது. சான்றிதழில் ஓடிய தூரம் இருபத்திரண்டு மீட்டர் என்று அச்சாகியிருந்தது. அலி அஸ்கர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சென்னை விழாவுக்கு, சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு கூடவே போனார்.

மேடையில் நஃபீஸத்திடம், இத்தனை வருடம் கெடாமல் பாதுகாத்த ரகசியம் என்ன என்று கேட்டார்கள். அவர் வெங்காயத்தைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டார்.

"ஈரம் படப்பிடாது. காத்து உள்ள போவணும். முளைச்சதப் பொறுக்கி எடுத்து வெளிய போட்றணும்."

அரங்கம் எழுந்து நின்றது. கம்பெனிக்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். முதலில் கைதட்டியது அலி அஸ்கர்.

அன்று இரவு அலி அஸ்கர் மனைவியை மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார். அவரோ சைக்கிளை மிதித்து, ஐந்து நாள் கழித்து, கோவில்பட்டி வழியாக, முழங்கை சிராய்ப்போடு வந்து சேர்ந்தார்.