கலியம்மாள் சொன்ன பதில்

வரதராஜன்பேட்டையில் வாத்தியார் வேலை பார்த்த இருதயநாதன், 1946இல் மேல்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்தார். ஆணும் பெண்ணுமாக அறுபது பேரைப் பார்த்து, யார் எவ்வளவு துணிச்சல், எவ்வளவு சாது, பேச்சுத் துணையும் மதிப்பும் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். பிறகு ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணக்கிட வேண்டும். சாதுவான பெண்களுக்கு வீடே போதும், வெளித்துணை தேவைப்படாது என்பது அவருக்கு வழிகாட்டிய பேராசிரியரின் எண்ணம். இருதயநாதனும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

விக்கிரமங்கலத்தில் களை பறித்துக்கொண்டிருந்த கலியம்மாள் அதிர்ந்து பேசாதவள். சாதுத்தனத்துக்கு ஒன்பது போட்டார். பேச்சுத் துணை எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு, பறித்த களையை வரப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலு பேரோட ஒக்காந்து பேசணும்னு ஆசதாங்க. ஒனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாரும் என்னெக் கேட்டதில்லீங்க."

அதற்கும் ஒன்பது. அவளைப் போல இன்னும் ஐந்து பெண்கள் சொன்னார்கள். அந்த ஆறு தாள்களைச் சேர்த்தால் கணக்கு எதற்கும் பிடிகொடுக்கவில்லை; தள்ளிவிட்டால் பேராசிரியர் எண்ணியபடியே அழகாக வந்தது. கேள்வி புரியாமல் சொல்லியிருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஐம்பத்து நாலு பேரைத்தான் பார்த்ததாக எழுதினார். பேராசிரியர் பாராட்டினார்.

அடுத்த வருஷம் விக்கிரமங்கலத்துப் பெண்கள், சாயங்காலம் கூடிப் படிக்க ஓர் இடம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் அந்த ஆய்வைக் காட்டி, பெண்களுக்கு அது அவசியமில்லை என்று மறுத்துவிட்டார்.

சேதி தெரிந்த அன்று இருதயநாதன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி விண்ணரசியிடம் வயிற்றுவலி என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறவில்லை. அறுபது பேரையும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பேராசிரியருக்கும் அதிகாரிக்கும் அனுப்பினார். அவருக்குப் பட்டம் கிடைக்காமல் போயிற்று. அதிகாரியிடமிருந்து பதிலே இல்லை.

அதன் பிறகுதான் கலியம்மாளைத் தேடி வயலுக்குப் போனார்.

"நீ சொன்னத நான் மறைச்சுட்டேம்மா. கணக்குக்கு ஒத்து வரலன்னு எடுத்துட்டேன். அதனாலதான் ஒங்க மனு போயிடுச்சு."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"அப்ப நான் சொன்னது தப்பாங்க?" என்று கேட்டாள்.

"தப்பே இல்லம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து களையைப் பறிக்கத் தொடங்கினாள். அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வெகுநேரம் அவர் வரப்பிலேயே நின்றார்.