ஓரக் கதிரையில் இருந்தவர்

சுவிஸில், ஆரா நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சிறு நகரம். அதன் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வரி கட்டலாம், ஊர்க்கூட்டத்துக்கும் வரலாம். ஆனால் ஓரக் கதிரைகளில்தான் இருக்க வேண்டும். வாக்கெடுப்பில் கை உயர்த்தக்கூடாது.

அந்த ஓரத்தில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் நரைமீசைக்காரர். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்வார்.

அன்று, அவர் அதிகாலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்துவதா என்று வாக்கெடுத்தார்கள். சுவிஸ் பாஸ்போட் இருப்பதால் எனக்கு வாக்குண்டு; எதிர்த்துக் கை உயர்த்தினேன். காரில் வந்தவர்கள் வென்றார்கள்.

கூட்டம் முடிந்ததும் எரிச்சலோடு நரைமீசைக்காரரிடம் போனேன். “வாக்கில்லாத இடத்துக்கு ஏன் அண்ணை வாறியள்?”

“என்ரை பஸ்ஸை ஆர் நிப்பாட்டுறாங்கள் எண்டு முகத்தைப் பாக்க வேணுமெல்லோ.”

“அப்ப கையை ஏன் அமத்தி வைச்சிருக்கிறியள்?”

“விட்டால் தன்பாட்டிலை உயர்ந்திடும், தம்பி. பிறகு வாக்கு எண்ணுற ஆள் வந்து, கையை இறக்கச் சொல்லிப் பணிவாக் கேப்பான். அந்தப் பணிவைத்தான் தாங்கேலாது.”

அதற்குள் ஒருவர், கூட்டம் முடிந்து எல்லாருக்கும் கொடுத்த வைன் கிளாஸோடு வந்தார். பஸ்ஸை நிறுத்த முதலில் கை தூக்கியவர். கூட்டத்துக்கு வந்ததற்கு நரைமீசைக்காரருக்கு நன்றி சொல்லி, எண்ணாமல் விட்ட அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நரைமீசைக்காரரும் சிரித்தபடி கை கொடுத்தார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.