கொழுக்கட்டைக்கு இசட் எச்

பல் துலக்குவதற்கு முன்பே ரத்தினவேல் கணக்கெடுப்பை முடித்துவிடுவார். குரங்குக் குல்லாவோடு கட்டிலில் உட்கார்ந்து, கைபேசியைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள், நேற்று யார் யார் வந்து போனார்கள் என்று வாய்விட்டு வாசிப்பார். "இது நான். இது அவ. இது டிவி." அதோடு நின்றுவிட்டால் நல்ல நாள். நிற்காவிட்டால், "ஏட்டி கவிதா, நேத்தும் வந்திருக்கான்" என்ற குரல் அடுப்படிவரை போகும். அன்றைக்குக் காபி எப்படிப் போட்டாலும் கசக்கும்.

ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் முதல் மாடி வீடு. ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் உத்தியோகம். சொந்த ஊர் கோவில்பட்டி. தலைமுடி விடைபெற்றுப் பல காலம் ஆகிறது. டெல்லிக் குளிர் மட்டும் குல்லா போட்டுச் சில மாதங்கள் அதை மறைத்துக் கொடுக்கும். அடுத்த வருடம் ஓய்வு. அதற்குள் அண்டர் செக்ரட்டரி ஆகிவிட வேண்டும் என்பதுதான் இந்த மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசை. ஏற்கெனவே ஒருமுறை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. இந்த முறை பெயர் மேலே போயிருக்கிறது. இவர்மேல் ஒரு கறையும் இல்லை என்று விஜிலென்ஸ் பிரிவு சொல்லிவிட்டால் போதும்.

இப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் அலுவலகக் கேன்டீனில் கோபாலன் வாயைத் திறந்தார். "எவனோ பக்கத்து வீட்டு வைஃபைல பூந்து மிரட்டல் மெயில் அனுப்பிட்டானாம் சார். போலீஸ் யார் வீட்டுக்கு வந்துதுங்கறீங்க? கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவர் வீட்டுக்கு." சொல்லிவிட்டு, சமோசாவின் கடைசித் துண்டைச் சட்னியில் தோய்த்துத் தின்றுவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்குப் போன தூக்கம்தான் ரத்தினவேலுக்கு. முழுசாகத் திரும்பி வரவில்லை.

அதன்பின் அவர் எடுத்த நடவடிக்கைகளைப் பார்த்தால் எல்லைப் பாதுகாப்புக்கே அவரை அனுப்பலாம். கம்பெனிக்காரப் பையனை வரவழைத்து, "பையா, ஜல்தி பாஸ்வேர்டு பதல் தோ" என்று டப்பாவோடு வந்த பழைய பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். அவன் மாற்றிவிட்டுப் போனதும், அவனுக்குத் தெரியுமே என்று தானே இன்னொரு முறை மாற்றினார். வைஃபை பெயர் ஊருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தார். தன் வீட்டு டிவிக்கே அது தெரியாமல் போகவே திரும்ப வெளியே கொண்டுவந்தார். சுவர் தாண்டிச் சிக்னல் போகாமல் இருக்க ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிப் பார்த்தார். பக்கத்து அறைக்கே சிக்னல் வரவில்லை. "புடவைக்கு மட்டும் நெட்டு நல்லா வருது" என்றாள் கவிதா.

விருந்தாளிகளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. கேட்டால் அவர்கள் கைபேசியை வாங்கிக்கொண்டு, ஏ.டி.எம்.மில் நிற்பதுபோல் முதுகைக் காட்டித் திரும்பி நின்று தானே அடித்துக் கொடுப்பார். கவிதாவின் தம்பி இதற்குக் கோபித்துக்கொண்டு பொங்கலுக்கு வரவில்லை. வராதது ஒரு பாதுகாப்புத்தான் என்று ரத்தினவேல் எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் அவன் வந்துகொண்டிருந்தான். பட்டியலில் 'அன்நோன்' என்று காட்டும் ஒரு கைபேசி. மதியச் சாப்பாட்டுக்கு மேல் வந்து, சாயங்காலத்துக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. "நம்ம செக்‌ஷன்ல எவனும் இப்படி டயத்துக்கு வரமாட்டான்" என்று ஒருநாள் ரத்தினவேல் தன்னை மறந்து பாராட்டியே விட்டார். தடை செய்துவிடலாம்தான். ஒருமுறை அப்படித் துணிந்து ஒரு பெயரைத் தட்டியதில், கிரிக்கெட் கடைசி ஓவரில் தன் டிவியே கண்ணை மூடிக்கொண்டது. அதிலிருந்து அந்தப் பட்டன் பக்கமே அவர் போவதில்லை.

மிச்சமிருந்த ஆயுதம் தமிழ். "இங்கே இருக்கிறவனுக்கு நம்ம ஊரு எளுத்து ஒன்னு வாயில நுளையவே நுளையாது. அதுல வச்சா எவன் கண்டுபிடிப்பான்?" என்று யோசித்து, ழகரம் உள்ள சொற்களாகப் பொறுக்கிப் பாஸ்வேர்டு வைக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று. புழுங்கலரிசி, கேழ்வரகு, கொழுக்கட்டை. அந்த எழுத்து அவர் வாயிலும் நுழையாது என்பதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கோவில்பட்டியை விட்டுக் கிளம்பும்போது 'ள' ஒன்றைத்தான் கொண்டுவந்தார். மழையும் அவருக்கு மளைதான், பழமும் பளந்தான்.

டெல்லியில் வெகுநாள் இருந்துவிட்ட தமிழர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். பஸ்ஸில், மெட்ரோவில், லிஃப்டில் எதிரே நிற்பவனின் மூக்கைப் பற்றி அவன் முன்னாலேயே பேசுவார்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று பெரியவர்கள் சொன்னது தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்பது அவர்கள் எண்ணம். ரத்தினவேலுக்கும் அதே எண்ணம். ஆகவே குளிர்கால ஞாயிறுகளில் இப்படி நடக்கும்: பெண்கள் எல்லாரும் கீழே புல்வெளியில் வெயில் காய்ந்தபடி பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்கள். கவிதா பெங்களூரில் இருக்கும் மகள் சுபாஷிணியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பாள். மேலே இவர் பாஸ்வேர்டை மாற்றுவார். கீழே மகள் முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

"என்னங்க! நெட்டு போச்சு!"

ரத்தினவேல் பால்கனிக்கு வருவார். "மாத்திட்டேன்! கொளுக்கட்டை!"

"போட்டுட்டேன், வாங்க மாட்டேங்குது!"

"ள இல்லட்டி, ள! கொளுக்கட்டைக்கு இசட் எச் போடணும்! கே, ஓ, இசட், எச், யூ, ரெண்டு கே, ஏ, ரெண்டு டி, கடைசியில ஏ, ஐ! எல்லாம் சின்ன எளுத்து!"

ஒரு தடவையில் கவிதாவுக்குப் பிடிபடாது. இரண்டாம் தடவை இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பிறகு உள்ளே போய், "இனிமே வரட்டும் பாப்போம்" என்று கைகளைத் தேய்த்துக்கொள்வார். திங்கட்கிழமை மதியம் அவன் வந்துவிடுவான்.

அவருடைய சந்தேகம் எல்லாம் கீழ்வீட்டு நேகியின் மேல். மலைப்பக்கத்துக்காரர், வேறொரு அமைச்சகம், நல்ல சரீரம். படியில் பார்த்தால் "நமஸ்தே ரத்னவேல்ஜி" என்று சிரிப்பார். அவர் குடிவந்த அன்றே, லாரியிலிருந்து சாமான் இறங்குவதைப் பால்கனியிலிருந்து பார்த்த ரத்தினவேல், "ஏட்டி, இங்க வந்து பாரு, ஒரு பூசணிக்கா கையும் காலும் வச்சு வந்திருக்கு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நேகியின் மனைவி மஞ்சு அதிகம் பேசாதவள். புல்வெளியில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு தலைகுனிந்தே உட்கார்ந்திருப்பாள். அவ்வப்போது ஒரு கிண்ணம் மூடிபோட்டு மேலே வரும். பதவி உயர்வு கைநழுவிய அன்று, பால்கனியில் நின்று ஊரிலிருக்கும் அண்ணனிடம் போனில் குரல் உடைந்து பேசினாரே, அன்று சாயங்காலம் கேரட் அல்வா வந்தது. கவிதாவோடு சண்டை போட்டு இரண்டு பேரும் பட்டினி கிடந்த நாளில் பூரியும் உருளைக்கிழங்கும் வந்தன. "நேரம் பாத்து அனுப்புதாங்க பாரு. ஏதோ காரியம் ஆகணும் நம்மகிட்ட" என்பார் ரத்தினவேல், கிண்ணத்தை வழித்துக்கொண்டே.

ஜனவரி கடைசியில் ஒருநாள் அவர் லீவு போட்டார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. மதியம் கைபேசியைப் பார்த்தபடி காத்திருந்தார். 'அன்நோன்' வந்தான். கொஞ்ச நேரம் சுகமாக இருக்க விட்டார். பிறகு ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் பால்கனிக்குப் போய்க் காதைக் கீழே நீட்டினார். நேகி ஆபீசில் இருப்பார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, கரெக்டா அவ உண்மையச் சொல்லப்போற நேரத்துலதான் போகணுமா!"

தமிழ். சுத்தமான மதராஸ் பக்கத்துத் தமிழ். ரத்தினவேல் எட்டிப் பார்த்தார். கீழே மஞ்சு நேகி, கைபேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். தூக்கிய கைக்கு அப்பால் குரங்குக் குல்லாவைப் பார்த்ததும் கை மெல்ல இறங்கியது.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்கள். இங்கே கொட்டியது வீட்டுக்காரருக்கு. கத்தவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில், "உங்களுக்கு... தமிள் தெரியுமா?" என்றார்.

"ஆவடியிலதான் ண்ணா வளர்ந்தேன். அப்பாக்கு அங்க வேலை. பத்தாவது வரைக்கும் தமிழ் படிச்சேன்." அந்த 'ழ' ரத்தினவேல் வீட்டில் ஒருநாளும் கேட்காத 'ழ'.

"பாஸ்வேர்டு எப்படி...?"

"நீங்கதானே ண்ணா கத்துனீங்க? கேழ்வரகு, புழுங்கலரிசி, இந்த வாரம் கொழுக்கட்டை. ரெண்டு கே, ரெண்டு டி. எனக்கு டேட்டா மத்தியானமே தீர்ந்துடும். சீரியல் மட்டும்தான் பாக்குறேன், வேற ஒண்ணும் இல்ல. தப்புதான்."

"கேட்டிருக்கலாமே."

"எந்த பாஷையில கேக்குறது? இந்தியில கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. தமிழ்ல கேட்டா பூசணிக்கா வெளிய வந்துடும்." அவள் சிரிக்கவில்லை. "குடிவந்த அன்னைக்கே மேல வந்து எனக்கும் தமிழ் தெரியும்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படி ண்ணா சொல்றது? உங்களுக்குத்தானே சங்கடம். அவர்கிட்டயும் சொல்லல."

ரத்தினவேல் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பால்கனியில் நின்று இத்தனை வருடம் தான் பேசியதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கேரட் அல்வாவும் வந்தது.

"நான் இதெல்லாம் பாக்குறதால உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று அவளே கேட்டாள். "அண்டர் செக்ரட்டரி ஆகணும்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களே. மலை மந்திர்ல முருகனுக்கு வேண்டிட்டிருக்கேன். இனிமே உள்ள வரமாட்டேன் ண்ணா, விடுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். விஷயத்தைக் கேட்ட கவிதா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், "நான் உங்க அம்மாவைப் பத்திப் பேசினதும் கேட்டிருக்குமோ?" என்று முகம் மாறினாள்.

அந்த ஞாயிறு ரத்தினவேல் பாஸ்வேர்டை மாற்றி, கவிதாவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக் காதோடு சொன்னார். வீடே ஆஸ்பத்திரிபோல் ஆயிற்று. பால்கனிக் கதவு திறக்கவில்லை. கடுகு தாளிக்கும் சத்தத்துக்குக்கூட அவர் கீழே பார்த்தார். மகளிடம் குசுகுசுவென்று பேசியதில், "அப்பாக்கு தொண்டை கராபா?" என்று சுபாஷிணி கேட்டாள். காலைக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்தது. இது நான், இது அவ, இது டிவி. அதற்குக் கீழே யாரும் இல்லை. எந்தச் சுத்தத்துக்காக இத்தனை நாள் தவித்தாரோ அது கைக்கு வந்துவிட்டது. காபி மட்டும் கசந்தது.

"இப்ப நிம்மதிதானே?" என்றாள் கவிதா. "அவ பாத்த சீரியல்ல அந்தப் பொண்ணு உண்மையச் சொன்னாளோ என்னவோ, பாவம்."

அவர் பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். விஜிலென்ஸிலிருந்து இன்னும் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். புல்வெளியில் பட்டாணி மலைபோல் குவிந்திருந்தது. ஒரு ஓரத்தில் மஞ்சு நேகி தலைகுனிந்து பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நேகி நாற்காலி நிறைய உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ரத்தினவேல் பீரோவுக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் கைபேசியில் எதையோ அடித்தார், அழித்தார், அடித்தார். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து வெளியே வந்தார். குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெயில் தலையில் பட்டுப் பளபளத்தது. கம்பிமேல் சாய்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் கத்தினார்.

"ஏட்டி கவிதா! மாத்திட்டேன்! வளுக்கைத்தலை! கேக்குதா? வளுக்கைத்தலை! இசட் எச் போடணும்! வி, ஏ, இசட், எச், யூ, ரெண்டு கே..."

கீழே ஊசிகள் நின்றன. அவர் இரண்டாம் தடவை, எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கவிதா கையில் கைபேசியோடு அவர் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.